சிவப்பாத் தெரிஞ்சா செழிப்பு!

தென்னங்கீத்து என்ன கலர்? ‘பச்சை’னு சட்டுனு சொல்லிட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க. 1970-ல் கேரளாவின் காயங்குளம் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரு சோவியத் ஹெலிகாப்டர் பறந்தது. அதிலிருந்து எடுத்த படங்களில், நல்லா கொழுகொழுனு வளர்ந்த தென்னைகள் எல்லாம் சிவப்பா இருந்தன. நோய் பிடித்த மரங்கள் மட்டும் சிவப்பு வெளுத்து, சோகையா நின்றன.

ஃபிலிம் கெட்டுப்போச்சா? இல்லை பாஸ். அது அகச்சிவப்பு ஃபிலிம், அதாவது இன்ஃப்ரா ரெட். நம்ம நாட்டில் தொலையுணர்வு என்ற துறை, அதாங்க ரிமோட் சென்ஸிங், பிள்ளையார் சுழி போட்டது அந்தத் தென்னந்தோப்புகளுக்கு மேலேதான். இன்னிக்கு செயற்கைக்கோள் காடுகளை அளக்குது, பயிரைப் பார்க்குது, வறட்சியைக் கண்காணிக்குதுனு நாம படிக்கிற அத்தனை செய்திக்கும் இந்தியாவில் ஆரம்பப் புள்ளி அந்த ஊர். அடுத்த லீவுக்கு எங்கே போகலாம்னு யோசிக்கிறவங்க பேக்கைத் தூக்குங்க. ஒரு நாள் காயங்குளம் போய் வரலாம்!

இறங்குங்க, ஸ்டேஷன் வந்தாச்சு!

சென்னையிலிருந்து போறவங்களுக்கு திருவனந்தபுரம் மெயில் இருக்கு. ராத்திரி ஏறிப் படுத்தால், காலையில் கோட்டயம் தாண்டி காயங்குளம். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் மலை ரயிலில் புனலூர் வழியா கொல்லம் போய், அங்கிருந்து வடக்கே வரலாம். குகையும் பாலமுமா வரும் அந்த ரூட்டுக்காகவே ஒரு டிக்கெட் போடலாம். காயங்குளம் ஒரு ஜங்ஷன். ஆலப்புழை வழியா வரும் பாதையும் கோட்டயம் வழியா வரும் பாதையும் கை கோக்கிற இடம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நாலு தெரு நடந்து பாருங்க. இந்தப் பகுதிக்கு ஓணாட்டுக்கரைனு பேர். மணல் கலந்த மண். ஒவ்வொரு வீட்டைச் சுத்தியும் ஒரு குட்டித் தோப்பு. தென்னை, அதுக்குக் கீழே வாழை, பக்கத்துல பலா, மா, வேலியோரம் மிளகுக் கொடி. நெல் அறுத்த வயலில் எள் விதைப்பாங்க. ஓணாட்டுக்கரை எள்ளுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. நம்ம பொள்ளாச்சி மாதிரி அளவெடுத்து நட்ட நீண்ட வரிசைகள் இங்கே கம்மி. எல்லாம் கலந்து கட்டின காடு மாதிரிதான். இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி உதவும்.

ஊரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் கிருஷ்ணபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காயங்குளத்தைப் பிடித்த பிறகு, 18-ம் நூற்றாண்டில் எழுந்தது. இப்போ மியூஸியம். இருபக்கமும் கூர் உள்ள காயங்குளம் வாள் உள்ளே இருக்கு. அதைவிட முக்கியம், ஒரு சுவர் முழுக்க இருக்கும் ‘கஜேந்திர மோட்சம்’ சுவரோவியம். கேரளாவின் மிகப் பெரிய சுவரோவியங்களில் அது ஒண்ணு. பார்த்துட்டு வாங்க, அடுத்து நாம போக வேண்டிய இடமும் அதே கிருஷ்ணபுரத்தில்தான். மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் காயங்குளம் மண்டல நிலையம். (சுத்திப் பார்க்கணும்னா முன்கூட்டியே அனுமதி கேட்டுட்டுப் போங்க. காலேஜ் லெட்டர் கையில் இருந்தா நல்லது.)

காற்று வீழ்ச்ச

ஓர் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊருக்கு வரக் காரணமே ஒரு நோய். மலையாளத்தில் ‘காற்று வீழ்ச்ச’. நம்ம வேளாண்மைத் துறை ஆட்கள் ‘கேரள வேர் வாடல் நோய்’ என்பார்கள். 1882-ல் பெரு வெள்ளம் வந்து போன பிறகு, கோட்டயம் பக்கத்து ஈராட்டுப்பேட்டையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டதாகப் பதிவு. அங்கிருந்து தோப்பு தோப்பாகத் தாண்டி, திருவனந்தபுரத்திலிருந்து திருச்சூர் வரை தொடர்ச்சியாகப் பரவிவிட்டது.

இந்த நோய் மரத்தை ஒரேயடியாகக் கொல்லாது. அதுதான் கொடுமை. ஓலையின் கீற்றுகள் விறைப்பை இழந்து, விலா எலும்பு மாதிரி உள்ளே வளையும். அப்புறம் மஞ்சளாகும், ஓரம் கருகும். கீழே வேர் அழுகும். குரும்பை கொட்டும். காய் சிறுத்து, பருப்பு மெலியும். மரம் வருஷக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும், ஆனால் வருமானம் வருஷா வருஷம் இறங்கும். வீட்டுக் கொல்லையில் இருக்கும் பத்து, பதினைஞ்சு மரத்தை நம்பிக் குடித்தனம் நடத்துற குடும்பத்துக்கு இது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதில் பெரிய தலைவலி என்னன்னா, கண்ணுக்கு அறிகுறி தெரியும்போது மரம் ஏற்கெனவே நோயாளி. பக்கத்து மரங்களுக்கும் அது போயிருக்கலாம். அப்போ அறிகுறி தெரியும் முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா? 1970-ல் ஹெலிகாப்டர் ஏறினவர்கள் கேட்ட கேள்வி இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத கலர்

இங்கே ஒரு குட்டி சயின்ஸ் கிளாஸ். பயப்படாதீங்க, அட்டெண்டன்ஸ் கிடையாது!

இலையில் இருக்கும் பச்சையம் சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்தக் கொஞ்சம், சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதைத்தான் நாம ‘பசுமை’னு ரசிக்கிறோம். ஆனால் நம் கண் 700 நானோமீட்டர் பக்கம் வந்ததும் கையை விரித்துவிடும். அதைத் தாண்டி இருக்கும் அகச்சிவப்பை இலை என்ன பண்ணுது தெரியுமா? கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பி அடிக்குது! நம் கண்ணுக்கு மட்டும் அகச்சிவப்பு தெரிந்திருந்தால், வெயில் நேரத்தில் காடு பனி மூடின மாதிரி ஜொலிக்கும்.

எப்படி இவ்வளவு? இலையின் உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி ஓர் அடுக்கு. தண்ணீர் நிறைந்த செல்கள், நடுநடுவே காற்று இடைவெளிகள். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் அகச்சிவப்பு முட்டி மோதித் திரும்பி வெளியே வரும். வேரில் பிரச்னை, தண்ணீர் சரியாக ஏறலை, நோய் தாக்கியிருக்கு என்றால், அந்த ஸ்பாஞ்ச் கட்டுமானம் தளரும். திரும்பி வரும் அகச்சிவப்பு குறையும். வெளியே இலை பார்க்கப் பச்சையாகவே இருந்தாலும், உள்ளே ஆட்டம் ஆரம்பித்திருக்கும்.

சரி, தெரியாத கலரைப் படத்தில் எப்படிக் காட்டுறது? டவுன் பஸ்ஸில் ஒவ்வொருத்தரும் ஒரு சீட் தள்ளி உட்கார்ற டெக்னிக்தான். அகச்சிவப்பு வந்து சிவப்பு சீட்டில் உட்காரும். சிவப்பு எழுந்து பச்சை சீட்டுக்குப் போகும். பச்சை நீல சீட்டுக்குப் போகும். நீலத்துக்கு இடமில்லை, லென்ஸில் மாட்டின மஞ்சள் ஃபில்டர் அதை வாசலிலேயே இறக்கிவிட்டுவிடும். அதனால்தான் செழிப்பான மரம் சிவப்பாகத் தெரியுது. சோர்ந்த மரம் வெளிறின ரோஸ் ஆகும், இன்னும் மோசமானால் நீலப்பச்சைப் பக்கம் சாயும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால், பக்கத்தில் இருக்கும் காயங்குளம் காயல் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புவாங்க. இது சூட்டைப் பார்க்கும் கேமரா இல்லை. ஹாலிவுட் படங்களில் இருட்டில் ஆள் நடமாட்டத்தைக் காட்டுவாங்களே, அது வெப்ப அகச்சிவப்பு. அலைநீளம் பத்து மடங்குக்கு மேல் அதிகம். நாம் பேசுறது கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான அண்மை அகச்சிவப்பு. சூரிய ஒளியில் இருப்பதும், இலை திருப்பி அடிப்பதும் இதைத்தான்.

யுத்தத்திலிருந்து தோப்புக்கு

1910-லேயே ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அகச்சிவப்பில் எடுத்த படங்களை வெளியிட்டார். வெள்ளை வெளேர் மரங்கள், கன்னங்கரேல் வானம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் கலரில் இதை வளர்த்தது இரண்டாம் உலகப்போர். பச்சை பெயின்ட் அடித்த வலைக்குக் கீழே டாங்கியை ஒளித்தால் சாதாரண கேமரா ஏமாந்துபோகும். பெயின்ட்டுக்கு ஏது ஸ்பாஞ்ச் செல்? அகச்சிவப்பு ஃபிலிமில் நிஜ மரம் சிவப்பாகவும் போலிப் பச்சை வேறு நிறமாகவும் தெரிந்து குட்டு உடைந்துவிடும். போர் முடிந்ததும் அந்த வித்தை வயலுக்கு வந்தது. 1956-ல் கலிஃபோர்னியாவின் ராபர்ட் கால்வெல், தானியப் பயிர்களில் வரும் நோயை வானிலிருந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களில் கண்டுபிடிக்கலாம்னு காட்டினார்.

ஒளித்து வைத்த பீரங்கியைத் தேடப் பிறந்த ஃபிலிம், பயிருக்கு டாக்டர் ஆனது இப்படித்தான்.

பிஷரோட்டி சாரும் ஹெலிகாப்டரும்

இனி நம்ம ஹீரோ. பி.ஆர்.பிஷரோட்டி. 1909-ல் பாலக்காடு மாவட்டத்தின் கொல்லங்கோட்டில் பிறந்தவர். அடிப்படையில் வானிலை விஞ்ஞானி. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். பின்னர் விக்ரம் சாராபாய் நடத்திய அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தார். ‘விண்வெளி ஆராய்ச்சி ஏழை நாட்டுக்கு எதுக்கு?’ என்ற கேள்வி பலமாக எழுந்த நேரம் அது. பிஷரோட்டி குழு அதற்கு ஒரு தென்னை மரத்தைக் காட்டித்தான் பதில் சொன்னது.

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் காயங்குளம் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹாசல்பிளாட் கேமரா. 1969-ல் நிலாவில் கால் வைத்தவர்கள் கொண்டுபோன அதே கம்பெனி. ஃபிலிம் அகச்சிவப்பு. வண்டி சோவியத் ஹெலிகாப்டர். அமெரிக்காவும் ரஷ்யாவும் உறுமிக்கொண்டிருந்த பனிப்போர்க் காலத்தில், ரெண்டு பக்கத்துப் பொருளும் ஒரு கேரளத் தோப்புக்கு மேலே ஒண்ணாப் பறந்தது சுவாரஸ்யம்தானே! படங்களைக் கழுவிப் பார்த்தபோது, தரையில் நின்று பார்த்தால் நல்ல மரம் மாதிரி இருந்தவற்றில் சிலவும் படத்தில் மங்கித் தெரிந்தன.

பூமியின் வளங்களைப் படமெடுக்கவென்றே அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது 1972 ஜூலையில்தான். காயங்குளம் அதுக்கும் சீனியர்!

படம் எதைச் சொல்லாது?

இங்கேதான் கதை சீரியஸாகுது. படம் ‘இந்த மரத்துக்கு உடம்பு சரியில்லை’னு சொல்லும். ‘என்ன வியாதி’னு சொல்லாது. தண்ணீர்ப் பஞ்சமா, சத்துக் குறைவா, வண்டு குடைந்ததா, வேர் வாடலா? எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளுக்கும். அதனால் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் தோப்புக்குள் நடக்கணும், மரம் மரமாக நிமிர்ந்து பார்க்கணும். ஓணாட்டுக்கரையில் தென்னைக்குக் கீழே வாழையும் பலாவும் கலந்து நிக்குதே, எந்தச் சிவப்பு எதனுடையதுனு பிரிக்கிறதே பெரிய வேலை.

அதோடு, 1970-ல் இந்த நோய்க்குக் காரணம் என்னனே உறுதியாகத் தெரியாது. வைரஸா, பூஞ்சையா என்று சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. 1980-களில்தான் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் குற்றவாளி மாட்டியது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற, செல் சுவரே இல்லாத நுண்ணுயிர். மரத்தின் உணவுக் குழாய்க்குள் குடியிருக்கும். கண்ணாடி இறகுப் பூச்சி, தத்துப்பூச்சி மாதிரியான குட்டிப் பூச்சிகள் அதை மரம் விட்டு மரம் கொண்டுபோகும். இன்று வரை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

இப்போ உங்களை அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர் இடத்தில் வைத்துப் பாருங்க. நோய் புதுசாக நுழையும் எல்லைப் பகுதிகளில், நோயுள்ள மரங்களை வெட்டி அகற்றுவதுதான் பரவலைத் தடுக்கும் வழி. ஒருத்தர் ஒரு சிவப்புப் படத்தைக் கொண்டுவந்து, ‘உங்க மரம் இதில் வெளுத்திருக்கு, வெட்டணும்’ என்கிறார். நிமிர்ந்து பார்த்தால் மரம் பச்சைப்பசேல். குலை தொங்குது. உங்க தாத்தா நட்ட மரம் வேற. வெட்டுவீங்களா? பக்கத்துத் தோப்புக்காரர் ‘வெட்டிடுங்களேன்’ என்பார். அவருக்கு அவர் மரம் முக்கியம். தொழில்நுட்பம் முடிகிற இடத்தில் மனுஷப் பிரச்னை ஆரம்பிக்குது.

அதனால்தான் காயங்குளம் நிலையம் படத்தோடு நிற்கவில்லை. ஓலையிலிருந்து சாறு எடுத்துச் செய்யும் ‘எலைசா’ சோதனையை உருவாக்கியது. அறிகுறி வரும் முன்னாடியே நோயை உறுதி செய்ய அது உதவும். நோய் ஏற்கெனவே நிரம்பிய பகுதியில் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வதில்லை. வருஷத்துக்கு பத்துக் காய்கூடத் தராத மரங்களை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குத் தொழு உரம், பசுந்தாள் உரம், மெக்னீசியம் எல்லாம் கொடுத்துத் தேற்றச் சொல்கிறார்கள். நோய் சூழ்ந்த தோப்புகளில் தாக்குப்பிடித்து நின்ற மரங்களிலிருந்து ‘கல்பரக்‌ஷா’, ‘கல்பஸ்ரீ’ ரகங்களையும், ‘கல்ப சங்கரா’ என்ற ஒட்டு ரகத்தையும் கொண்டுவந்தார்கள். குட்டை ரகத் தென்னங்கன்றுகளைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்க. நூறு வருஷத்துக்கு மேலான நோய்க்கு, அதே மண்ணில் தேடிக் கிடைத்த பதில் அது.

மேலே போகப் போக...

ஹெலிகாப்டருக்குப் பிறகு நாடு செயற்கைக்கோளுக்குத் தாவியது. 1979-ல் பாஸ்கரா-1. 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ்-1ஏ. அதிலும் ஒரு கண் அகச்சிவப்பு. இன்றைக்குக் காடுகளின் பரப்பு, பயிர் நிலவரம், சதுப்புநிலக் காடுகள் எல்லாவற்றுக்கும் அதே காயங்குளம் லாஜிக்தான். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் வரும். அதுக்குப் பேர் என்.டி.வி.ஐ. ஒன்றை நெருங்க நெருங்க செழிப்பு.

ஆனால் ஒரு கணக்குப் போடுங்க. ஐ.ஆர்.எஸ்-1ஏ-வின் ஒரு கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டருக்கு 72.5 மீட்டர். ஏழரை மீட்டர் இடைவெளியில் தென்னை நட்டால் அந்த ஒரே புள்ளிக்குள் 90-க்கும் மேற்பட்ட மரங்கள்! அதில் ஒண்ணு நோயில் வாடினால் யார் கண்ணில் படும்? இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 தரும் புள்ளி 10 மீட்டர். அதுவும் ரெண்டு மரம் கலந்த கதைதான். அதனால்தான் மரம் மரமாகப் பார்க்க ட்ரோனில் அகச்சிவப்பு கேமராவை மாட்டிக்கொண்டு திரும்பவும் தாழப் பறக்கிறார்கள். 1970-ல் ஹெலிகாப்டர் பறந்ததும் அதே காரணத்துக்குத்தான்.

இது ஏதோ கேரளா சமாச்சாரம்னு விட்டுடாதீங்க. மலையைத் தாண்டி கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டை, பொள்ளாச்சி, ஆனைமலை என எல்லையோரத் தோப்புகளுக்கு இந்த வாடல் எப்போதோ வந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் மரங்களை வெட்டிச் சாய்த்த விவசாயிகளின் கதை சமீப வருஷங்களில் நியூஸிலும் வந்தது. தஞ்சாவூர் வாடல்னு ஒண்ணும் நம்மிடம் உண்டு. அது பூஞ்சையால் வருவது, வேற நோய். மேலிருந்து எடுத்த படத்தில் ரெண்டும் ‘சோர்ந்த மரம்’தான். கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் எது எதுனு தெரியும்.

நீங்களும் பார்க்கலாம்!

* டி.வி. ரிமோட்டின் முனையை மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் காட்டி பட்டனை அழுத்துங்க. பெரும்பாலான போன்களில் ஒரு வெளிச்சம் மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதான் அகச்சிவப்பு.

* பரணில் பழைய வெப்கேம் கிடக்குதா? லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் குட்டி ஃபில்டர் இருக்கும். அதை எடுத்துட்டு, கழுவின கலர் நெகட்டிவின் முழுக்கக் கறுத்த முனையை முன்னால் ஒட்டுங்க. காலேஜ் வேப்பமரம் வெள்ளையா ஜொலிக்கும்.

* காசே செலவில்லாமல் வேணுமா? சென்டினல்-2 படங்கள் கோபர்னிகஸ் தளத்தில் இலவசம். ‘ஃபால்ஸ் கலர்’ தேர்ந்தெடுத்து உங்க ஊரைத் தேடுங்க. நம்ம இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தையும் ஒரு எட்டு பாருங்க.

* ட்ரோன் பறக்கவிடும் ஐடியா இருந்தால், 2021-ல் வந்த ட்ரோன் விதிகளைப் படிச்சுட்டு, எந்த இடத்தில் அனுமதினு பார்த்துட்டு ஏத்துங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்க ஊர் ஏரிக்கரையோ, தோப்போ, மலைச்சரிவோ, ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க. மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம் இறக்குங்க. சிவப்பு எங்கே குறைஞ்சிருக்குனு குறிச்சுக்குங்க. அந்தப் பேப்பரை மடிச்சு பாக்கெட்டில் வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்து அந்த இடத்துக்கே போங்க. அங்கே இருக்கிற பெரியவர் யார்கிட்டயாவது, ‘ஐயா, இங்கே என்ன ஆச்சு?’னு கேளுங்க. கேமராவால் கேட்க முடியாத ஒரே கேள்வி அதுதான். பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க!